இரண்டு பெட்டிக்கும் ஒரே சத்தம்

அன்று மத்தியானம் கூடத்தில் இருந்தவர்கள்: மெஷினுக்கு முன்னால் தையல்காரி, நாற்காலியில் அவள் புருஷன், சோபாவில் அவள் தங்கையின் புருஷன், அலமாரி மேல் ரேடியோப் பெட்டி. உள்ளறையில் இருந்தவளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவள் இங்கே வரவே இல்லை என்று வந்தவனிடம் சொல்லியாகிவிட்டது.

தங்கை வந்து சில நாட்கள் ஆகியிருந்தன. கையில் ஒரு பை, கழுத்தில் விரல் பதிந்த தடம், நெஞ்சில் வறட்டு இருமல். தடத்தைத் துண்டு போட்டு மூடலாம். இருமலை என்ன செய்வது? அந்த வீட்டுச் சுவர்கள் அட்டை மாதிரி. அதனால் காலையில் எழுந்ததும் தையல்காரி ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் முகம் கழுவுவாள். நெட்டில் வரும் ஒரு நிலையம், பேச்சும் பாட்டுமாக நாள் முழுக்க வாய் ஓயாது.

அந்தப் பெட்டியைக் கொடுத்தவனே தங்கையின் புருஷன், அந்த வீட்டு மாப்பிள்ளைதான். வீடு வீடாகப் போய் இவற்றை மாட்டிக் கொடுப்பது அவன் பிழைப்பு. கூடத்துக்கு ஒன்று, உள்ளறைக்கு ஒன்று என்று ஜோடியாகக் கொண்டுவந்து வைத்தான். ஒன்றில் பாடினால் இரண்டிலும் பாடும். ஒன்றின் குமிழைத் திருகினால் இரண்டிலும் சத்தம் ஏறும், இறங்கும். பிரித்து வைக்கவும் வழி இருந்தது. அதை அவனிடம்தான் கேட்க வேண்டும், யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

தையல்காரியின் புருஷன் குடோனில் கணக்கு எழுதுகிறவன். அங்கே அவனுக்குப் பட்டப்பெயர் 'பேசிக்கலாம்'. லாரிக்காரன் சட்டையைப் பிடித்தாலும் முதலாளி கத்தினாலும் அவன் வாயில் அந்த ஒரு வார்த்தைதான். தங்கை வந்து நின்ற அன்றைக்கும் அதையேதான் சொன்னான். புருஷன் பெண்டாட்டி விவகாரம், எத்தனை நாளைக்கு ஒளித்து வைப்பாய், அவரை வரச் சொல்லிப் பேசிக்கலாம் என்றான். அதற்குப் பிறகு தையல்காரி அவனுக்கு முகம் கொடுக்கவில்லை. இன்று மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றபோதும் அவள் முதலில் பார்த்தது தன் புருஷனின் வாயைத்தான். அவனோ சட்டைப் பையில் வீட்டுச் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான். குப்பை கொட்டக் கீழே போனாலும் சாவியோடுதான் போவான், அப்படி ஒரு பழக்கம்.

மாப்பிள்ளை ரொம்ப மரியாதையாகப் பேசினான். அவள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டாளாம். தூக்கம் இல்லையாம். கோபம் ஒன்றும் கிடையாதாம், கூட்டிக்கொண்டு போனால் போதுமாம். பேசும்போது வலது கை இடது கை விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்துக்கொண்டிருந்தது.

அப்போது பாட்டு பாதியில் அறுந்தது. ஒரு கரகரப்புகூட இல்லை. பெட்டி செத்தது மாதிரி கிடந்தது.

உள்ளறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. அந்த வீட்டில் உருப்படியான பூட்டு வாசல் கதவில் மட்டும்தான். கதவுக்குப் பின்னால் தங்கை வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு இருமலை விழுங்குவது தையல்காரிக்குக் கண்ணால் பார்ப்பது போல இருந்தது. அவள் மெஷினை அழுத்தினாள். மோட்டார் இரைந்தது. கையில் யாரோ கொடுத்திருந்த பேன்ட். கால் நுழைகிற இடத்தையே குறுக்கே தைத்து மூடிக்கொண்டு போனாள்.

மாப்பிள்ளை எழுந்து பெட்டியிடம் போனான். தான் மாட்டிய சாமான் தன் கண் முன்னால் ஊமையாக நின்றால் அவனுக்குப் பொறுக்காது. பிளக்கைப் பிடுங்கினான், சொருகினான், குமிழைக் கடைசி வரை திருகினான். அதைச் சுற்றியிருந்த விளக்கு வளையம் முழுதாக எரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"உள்ள இருக்கிற பெட்டியையும் பார்த்துடறேன்க்கா" என்றான்.

உள்ளே வாடிக்கைக்காரர்கள் துணி கால் வைக்க இடமில்லாமல் கிடக்கிறது என்றாள். பரவாயில்லை, தாண்டிப் போகிறேன் என்று அவன் இரண்டு எட்டு வைத்தான். போன் அடித்தது. எடுத்தான். வைத்தான். மறுபடி அடித்தது. ஊரில் பாதி வீட்டுக்குப் பெட்டி மாட்டியவன், பாதி ஊரும் அவனைத்தான் கூப்பிட்டது.

"பெட்டியில ஒண்ணும் இல்ல சார். எல்லா ஸ்டேஷன் விலாசத்தையும் ஒரே இடத்துல வச்சிருக்காங்க, அது படுத்துடுச்சு. உங்க வீட்டுல மட்டும் இல்ல, எல்லார் வீட்டுலயும் ஊமைதான். என்னைத் திட்டி என்ன பிரயோஜனம் சார்?"

ஒவ்வொருவரிடமும் அதையே ஒப்பித்தான். ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் தடித்தது. கோளாறு பெட்டியில் இல்லை என்று ஆகிவிட்டதால் உள்ளே போகக் காரணமும் இல்லை. கிளம்புவான் என்று தையல்காரி காத்திருந்தாள். அவனோ மறுபடியும் சோபாவில் உட்கார்ந்தான். வந்துவிடும், வந்ததைப் பார்த்துவிட்டே போகிறேன் என்றான். பேன்டின் இரண்டாவது காலும் மூடிப்போனது.

வந்தது. குமிழ் கடைசியில் நின்றதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கூடத்திலும் உள்ளறையிலும் ஒரே நேரத்தில் ஓர் ஆள் விளம்பரத்தை அலறினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தையல்காரி காதைப் பொத்தினாள்.

அலறல் இறங்கியது. குமிழைச் சுற்றியிருந்த விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து, பாதி வளையத்துக்கு வந்து நின்றன.

பெட்டிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

மாப்பிள்ளை அந்தப் பாதி வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளறைக் கதவைப் பார்த்தான். ஜோடி சேர்த்தவன் அவன். அவனுக்கு விளக்கிச் சொல்ல ஆள் தேவையில்லை. தையல்காரியின் கை துணி வெட்டும் கத்திரிக்கோலைத் தேடிப் பிடித்தது.

"சகலை, உள்ள யாரு?"

"அவதான்" என்றான் பேசிக்கலாம்.

தையல்காரி இத்தனை நாள் பயந்தது அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

அவள் புருஷன் எழுந்து வந்து மாப்பிள்ளையின் தோளில் கை போட்டான். "நான் அன்னைக்கே சொன்னேன், இவதான் கேக்கல. இப்ப நீங்க உள்ள போனா கத்துவா, நாலு பேர் கூடுவாங்க. வாங்க, வெளியில நின்னு ரெண்டு பேரும் பேசிக்கலாம். அப்புறம் நானே கூட்டிட்டு வந்து விடறேன்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் மாப்பிள்ளை நம்பியிருக்க மாட்டான். இவன் சொன்னதால் நம்பினான். அக்காவின் கையிலிருந்த கத்திரியைப் பார்த்து உதட்டைச் சுழித்துவிட்டு முதலில் அவன் வெளியே போனான். பின்னாலேயே பேசிக்கலாம் போனான். வாசலைத் தாண்டும்போது சட்டைப் பையில் கை விட்டுச் சாவியை எடுத்து, செருப்பு அலமாரி மேல் சத்தமில்லாமல் வைத்தான்.

குப்பை கொட்டப் போனாலும் சாவியோடு போகிறவன்.

ஒரு கணம் அவளைத் திரும்பிப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது. மாப்பிள்ளை அவனைவிட ஒரு தலை உயரம். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. "நீங்களும் உள்ள வாங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் மற்றவனும் திரும்பிவிடுவான்.

அவள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள், சாவியை இரண்டு தடவை திருப்பினாள், மேலே தாழ்ப்பாளையும் போட்டாள்.