வசுந்தராவின் ஊர் நேரம்

சிங்காநல்லூர் மில்லின் பழைய யூனிக்ஸ் மெஷினில் கதிர்வேல் காலையிலிருந்து புரோகிராம்களில் பிழை தேடித்தரும் டீபக்கரைக் கம்பைல் செய்துகொண்டிருந்தான். பக்கத்து மெஷினில் அன்று காலைதான் சோர்ஸ் கோடைத் திருத்தி, டேப்பில் கொண்டுவந்திருந்தான். ஒவ்வொரு பிழையையும் சரிசெய்ததும், பாழாய்ப்போன மெஷின் முடித்த ஃபைல்களையும் விடாமல் முதலிலிருந்தே ஆரம்பித்தது.

கூட வேலை செய்யும் ஈஸ்வரமூர்த்தி எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க கதிர், இப்ப மணி பதினொண்ணுங்க. உங்க மெஷின்ல மட்டும் இன்னும் நேத்து ராத்திரி பத்தரை! காலைல திருத்துன ஃபைலெல்லாம் அதுக்கு நாளைக்கு வரப்போறதுங்க. எத்தன தடவ செஞ்சாலும் புதுசு வந்திருக்குதுன்னு மறுபடியும் செய்யுது. எவன் மாத்திவெச்சான்?"

கதிர்வேல் திரையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். போன வாரம்தான் அடுத்த நாற்காலிக்காரி வசுந்தரா, "வாரேனுங்க" என்று எல்லோரிடமும் சொன்னதையே அவனிடமும் சொல்லிவிட்டு, கலிபோர்னியாவுக்கு வேலைக்குப் போனாள். அன்றைக்கே கடிகாரத்தை அவள் போன ஊர் நேரத்துக்கு மாற்றிவைத்தவன் அவன்தான். அவள் எழுந்திருப்பாளா, சாப்பிட்டிருப்பாளா என்று அதைப் பார்த்துத்தான் நினைத்துக்கொள்வான்.

நேரத்தைத் திருத்தினான். அதன்பிறகு ஒரு தடங்கலும் இல்லை. சாயங்காலத்துக்குள் டீபக்கர் ஓடியது. எல்லோரும் டீ குடிக்கக் கூப்பிட்டார்கள்.

எழுந்திருக்கும் முன் திரையைப் பார்த்தான். மணி நாலு. வெறும் சிங்காநல்லூர் நாலு மணி.