நாற்பது தகடுகள்

...இல்லை, எண்பத்தைந்து மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும், எழுபத்தைந்து எப்படி வந்தது, மூன்றாவது தடவையாக எண்ணைப் பார்த்தாள், போன ஆர்டரின் வரைபடத்தை நகலெடுத்து, தலைப்பை மாற்றி, நீளத்தை மாற்றி, தேதியைக்கூட மாற்றியவள் ஒரே ஒரு துளையின் தூரத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறாள், அட மண்டு, 'சரிபார்த்தவர்' கட்டத்தில் மேலாளரின் கையெழுத்து வேறு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. மணி பத்து நாற்பது. பதினொன்றுக்குப் பட்டறையில் துளை போட ஆரம்பித்துவிடுவார்கள், நாற்பது தகடு, நாற்பதும் குப்பை... சொன்னால்? அடுத்த வாரம் வேலை நிரந்தரமாகும் கடிதம், அதைக் கொடுக்க வேண்டியவரும் இவரேதான், அவரிடம் போய் நீங்களும் பார்க்காமல்தான் போட்டீர்கள் என்றா சொல்வது?

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அறிவுரைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. "மொத ரெண்டு வருஷம் காதத் தொற, வாயத் தொறக்காத" என்றார் அக்கா புருஷன். "ஒரே எடத்துல வேர் விடாதடி, தாவிக்கிட்டே இரு" என்றாள் கல்லூரி சீனியர். அப்பாவுக்கோ எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, "மேலதிகாரி மனசு கோணாம நடந்துக்கம்மா". சரி, எல்லாம் சரி, இருபது நிமிடத்தில் நாற்பது தகடு பாழாகப் போகிறதே, அதற்கு யாராவது ஏதாவது சொன்னார்களா... ஒருத்தரும் தான் செய்த தப்பைப் பற்றி வாயே திறந்ததில்லையே, எல்லாரும் பிறந்ததிலிருந்து ஒழுங்காகத்தான் வேலை பார்த்தார்களா என்ன? வரைபடத்தை எடுத்துக்கொண்டாள், கால் அதுபாட்டுக்கு மேலாளர் அறைக்கு நடந்தது.

"சார், ஒரு துளை பத்து மில்லிமீட்டர் தள்ளிப் போயிருக்கு. பழசுலேருந்து எடுத்தேன், மாத்த மறந்துட்டேன். பட்டறைய நிறுத்தணும் சார்." ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். அவர் திட்டவில்லை, போனை எடுத்து, "ஆரம்பிக்காதீங்க, திருத்தி அனுப்புறோம்" என்று சொல்லி வைத்தார். அப்பாடா... ஆனால் எழுந்துபோய்க் கதவைச் சாத்துகிறாரே, போச்சு, வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறாள், கடிதமும் கோவிந்தா.

"நான் பாக்கவே இல்லம்மா." குரல் இறங்கியிருந்தது. "உன் வேலைதானேன்னு பாக்காமயே கையெழுத்து போட்டுட்டேன்... மேல யாருகிட்டயும் சொல்லிட மாட்டியே?"

தலை தானாக ஆடியது, மாட்டேன் என்று. அவர் விரல்கள் வரைபடத்தில் தன் கையெழுத்தை மூடிக்கொண்டிருந்தன, ஐயோ பாவம் மனுஷர் என்றிருந்தது, கடிதம் இனி வந்துவிடும் என்றும் தோன்றியது, அப்படித் தோன்றியதில் கூச்சமாகவும் இருந்தது, எட்டு மாதமாகத் தனக்கு மட்டும்தான், தப்பு வெளியே தெரிந்துவிடுமோ என்கிற இந்தப் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, வேலைக்கு வந்து இருபது வருஷம் ஆனவருக்கும் இதேதானா, அப்படியானால் இது எப்போதுதான் போகும்...