முன் சக்கரம் மட்டும்

எடைமேடை அம்மா அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் பதினோராம் தேதி காலை பத்தரை மணிக்கு உங்கள் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். சன்னலோரம் கம்ப்யூட்டர் முன்னால் நீங்கள். சுவரோர பெஞ்சில், வண்டிக் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி. கதவுப் பக்கம், கால் ஆடும் நாற்காலியில் நான். அவள் தம்பி உட்காரவில்லை. கிரீஸ் சட்டையோடு சன்னல் கம்பியைப் பிடித்தபடி, வெளியே மேடைமேல் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எதையும் வரிசையாக எழுதித்தான் பழக்கம். உங்களுக்குத் தெரிந்ததும் இதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சின்ன லாரிக்கு வயது அறுபத்திரண்டு. நாற்றுப் பண்ணைச் செடிகளை அதில் ஏற்றி மலை இறக்குவது என் மனைவியின் தொழில். பெட்ரோல் எஞ்சின் விரிசல் விட்டுப் படுத்துவிட்டதும், மச்சான், பழைய இரும்பாக உடைப்புக்குப் போன ஒரு மினி பஸ்ஸின் டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தான். பழையதை நாலு பேர் கம்பு கட்டி இறக்கினோம். புதியதைத் தூக்கியபோது செயின் பிளாக் மாட்டிய உத்தரமே முனகியது. இருபத்துமூன்று நாள் வேலை. ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. ஆனால் அதன் கனத்தில் வண்டியின் மூக்கு தொங்கிப்போயிற்று. பின்பக்கக் கடைசியில் ஆறு மணல் மூட்டைகளை அடுக்கினதும் வண்டி நிமிர்ந்தது. எஞ்சின் மாற்றியதைப் பதியப் போக்குவரத்து அலுவலகத்தில் எடைச் சீட்டு கேட்டார்கள், அதற்குத்தான் வந்தோம். மறுநாள் அவள் முந்நூறு செடிகளோடு மலை இறங்க வேண்டும்.

திரையில் இரண்டாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு என்று வந்தது.

"பார்த்தீங்களா மேடம், மூவாயிரத்து நானூறு வரைக்கும் தாங்குற வண்டி," என்றான் மச்சான். "இன்னும் ஒரு யானைக்குட்டிய ஏத்தலாம்."

நீங்கள் சீட்டு அடிக்கவில்லை. "பின்னாடி என்ன மூட்டை?"

"மணல்."

"வீடு கட்டப் போறீங்களா?"

"இல்ல மேடம், மூக்கு தொங்குச்சு. வால்ல பாரம் வச்சதும் சரியாயிடுச்சு."

"பார்க்கத்தான் சரியாயிருக்கு. செடி ஏத்துறப்ப மூட்டைய எறக்கிடுவீங்கல்ல? எறக்கிட்டு, முன் சக்கரம் மட்டும் மேடைல நிக்கிற மாதிரி வாங்க."

"மொத்தம்தான் சரியா இருக்கே," என்று அவன் முறைத்தான்.

"தம்பி, மொத்தம் காகிதத்துக்கு. முன்னாடி கனம் ஓட்டுறவங்களுக்கு. யாரு ஓட்டுறது?"

"நான்தாங்க," என்றாள் என் மனைவி. எழுந்து போய் முதல் மூட்டையை அவளே இழுத்தாள்.

முன் அச்சுக்கு அனுமதி ஆயிரத்து நூறு கிலோ. திரை ஆயிரத்து முந்நூற்றுப் பத்து காட்டியது. அப்போது நீங்கள் கேட்டீர்கள்: "மணல் வைக்கச் சொன்னது யாரு?"

நான் கதவைப் பார்த்தேன். மச்சான் என்னைப் பார்த்தான், பிறகு உங்களைப் பார்த்தான். "நான்தான் மேடம்."

இனி உங்களுக்குத் தெரியாதவை. மச்சான் வண்டியை நடை வேகத்தில் ஓட்டி வந்தான்.  மறுநாள் முன்பக்கப் பாரத்தைத் தாங்கும் வில்பட்டைகளைக் கழற்றினான். இடப்பக்கத்து அடுக்கில் எல்லாவற்றுக்கும் மேலுள்ள மூலப்பட்டையில், நடு போல்ட்டை ஒட்டி ஒரு விரிசல். அதில் பாதி துருப்பிடித்துப் பழசாக இருந்தது. மீதிப் பாதி வெள்ளிபோல் மினுமினுத்தது; அது புதுசு. எங்கள் மலைப்பாதையில் பன்னிரண்டு வளைவுகள். எந்த வளைவில் ஒடிந்திருக்கும் என்று நான் யோசிக்க ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டேன்.

"மாமா, இத அக்கா கண்ணுல காட்டிராதீங்க," என்று சாக்கில் சுற்றினான். அவள் அவன் பின்னாலேயே நின்றிருந்தாள்.

அவன் உடைப்பு யார்டுக்கே மறுபடி போய், அதே மினி பஸ்ஸின் முன் அச்சு, வில்பட்டை, பிரேக் எல்லாவற்றையும் கழற்றி வந்து மாட்டினான். அச்சு கொஞ்சம் அகலம்; சக்கரம் இரண்டு விரல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. சோதனை அதிகாரி சுற்றிச் சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நேற்று அவள் செடிகளோடு இறங்கிப் போய், மாலை நாலரைக்கு வீடு வந்துவிட்டாள். "பிரேக் அடிச்சா மூக்கு குத்தல. ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேக்குது," என்றாள். அந்த நாலரை மணிக்காக உங்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

இன்னொருவருக்கும் நன்றி பாக்கி இருக்கிறது. மணல் மூட்டை யோசனை என்னுடையது. மூட்டை சுமந்ததும் நான்தான். இத்தனை நாளாக என் மனைவி தன் தம்பியைத்தான் "மணல் மேஸ்திரி, சாப்பிட வா" என்று கூப்பிடுகிறாள். அவனும் வாயை மூடிக்கொண்டு வந்து சாப்பிடுகிறான். இதை உங்களுக்கு எழுதிவிட்டு அவளிடம் மறைப்பது சரியில்லை என்று, இதுவரை எழுதியதை அவளிடம் படிக்கக் கொடுத்தேன்.

நின்றபடியே படித்தாள். இரண்டாம் பக்கத்தை மறுபடி படித்தாள்.

"ஏன்டா, நீ ஏன் சொல்லல?" என்றாள் தம்பியிடம்.

"மாமா மொகம் அப்ப எப்படி இருந்துச்சுன்னு நீ பார்க்கலக்கா."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். தம்பிக்கு டீ போட்டாள். பிறகு எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. "தபால்காரர் போறதுக்குள்ள முடிங்க," என்றாள்.

உறைமேல் முகவரி எழுதியாகிவிட்டது. மச்சான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பசை டப்பாவோடு நிற்கிறான். ஒட்டித் தபாலில் சேர்ப்பது அவன் பொறுப்பாம். இத்துடன் மடித்து அவனிடம் கொடுக்கிறேன்.