அரை மணி நேர நடை

சட்டையின் முதுகை மேலிருந்து கீழாக வெட்டினால்தான் கைகள் நுழையும் என்று பிணவறைப் பணியாள் சொன்னான். சோலேகா கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள். சர்ச் மாதர் சங்கத்தின் சிவப்புச் சட்டை. அம்மா வூயேல்வா அதை இரண்டு முறை பிரித்துத் தைத்திருந்தாள். இனிப் பிரிக்க உள்ளே துணி இல்லை.

"நேரா வெட்டு. படுத்திருக்கப் போறவளுக்கு முதுகு எதுக்கு?" என்றாள் நொம்பேபே. காயெலிட்ஷா குடிசைப் பகுதியில் பக்கத்து வீடு. தெருமுனையில் எண்ணெய்ச் சட்டி வைத்து மாவு உருண்டை பொரித்து விற்பவள்.

இருவரும் சேர்ந்துதான் ஒரு கையைத் தூக்க முடிந்தது. மூன்று நாளைக்கு முன் பொதுக்குழாயிலிருந்து வாளியோடு வந்த வூயேல்வா வாசலில் உட்கார்ந்தாள், பிறகு எழவில்லை. வயது ஐம்பத்து நான்கு.

"டாக்டர் என்னடி எழுதிக் குடுத்தான்?"

"இதயம். சர்க்கரை. அப்புறம் உடம்புப் பருமன்."

நொம்பேபே சட்டைக் கையை இழுத்துச் சரிசெய்தாள். "தினமும் நாலு உருண்டை வாங்குவா. என் எண்ணெயத்தான் எழுதியிருக்கான்னு சொல்லிடேன்."

"காய் வாங்கணும்னா ரெண்டு வேன் மாறணும், அத்தை. உங்க கடை எட்டி நடந்தா வந்துடும். நீங்க இல்லாட்டி வேற ஒருத்தி சட்டி வெச்சிருப்பா."

"இருந்தாலும் என் சட்டிதானே."

வூயேல்வா எப்போதும் பருமனாக இருந்தவள் அல்ல. கணவன் செத்த வருஷம் எலும்பும் தோலுமாகிப் போனாள். அந்த நோய்தான், எய்ட்ஸ்தான் என்று தெரு முடிவு செய்தது. குழாயடியில் அவள் வாளிக்குப் பக்கத்தில் யாரும் வாளி வைக்கவில்லை. அவள் சாப்பிட ஆரம்பித்தாள். கன்னம் உப்பியதும் வாளிகள் நெருங்கி வந்தன. இடுப்பு அகன்றதும், "மகராசி, என்னமா தேறிட்ட!" என்றார்கள். அதன் பிறகு ஒரு கிலோ குறைவதற்கும் அவள் பயந்தாள்.

போன வருஷம் மருத்துவமனை நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். பழைய கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்குக் கிளம்பினாள் வூயேல்வா. தெரு சிரித்தது. அவளும் சிரித்தபடி நடந்தாள். மூன்றாவது வாரம் இரண்டு பேர் கத்தியைக் காட்டி போனையும் ஷூவையும் பிடுங்கிக்கொண்டார்கள். வெறுங்காலோடு வந்து, "நாளைக்குச் செருப்பு போட்டுட்டுப் போறேன், அத எவன் கேப்பான்?" என்றாள். சோலேகா விடவில்லை. வேலைக்குப் போகும்போது வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனாள், இரண்டு மாதம். அதன் பிறகு அம்மாவே நடக்கக் கிளம்பவில்லை; பூட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"கத்திய காட்டினதுக்கப்புறம் எந்த மக வெளிய விடுவா?" என்றாள் நொம்பேபே, யாரும் கேட்காமலே. "நானும் பூட்டித்தான் வெச்சிருப்பேன்."

சோலேகா சங்கத்தின் வெள்ளைக் காலரைச் சட்டையில் வைத்து ஊசி குத்தினாள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. எடுத்து மறுபடியும் குத்தினாள்.

பெட்டி பெரிய அளவு. ஏற்ற ஆறு பேர் வேண்டியிருந்தது. சவ வண்டியின் முன்னிருக்கையில் ஓட்டுநரோடு இருவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். வீட்டுக்குப் போகும் வழி கடலோரப் பேட்டை வழியாக. அகலமான நடைபாதை, இரண்டு பக்கமும் மரம், பத்தடிக்கு ஒரு பெஞ்சு. சிவப்பு விளக்கில் வண்டி நின்றது.

ஒரு பெண் ஓடி வந்தாள். வூயேல்வா அளவுக்குத்தான் உடம்பு. காதில் பாட்டு, புஜத்தில் பட்டை போட்டுக் கட்டிய போன், ரோஸ் நிற ஷூ.

"போன வெளியவே கட்டிட்டு ஓடுறா பாரு," என்றாள் நொம்பேபே. "யாருடி துரத்துறா இவள?"

"யாரும் இல்ல, அத்தை."

வண்டிக்குள் பெட்டியைப் பார்த்ததும் அந்தப் பெண் ஓட்டத்தை நிறுத்தினாள். தலையைத் தாழ்த்தி, மெதுவாக நடந்து சாலையைக் கடந்தாள். அந்தப் பக்க நடைபாதையில் ஏறியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஓட ஆரம்பித்தாள்.

விளக்கு பச்சையானது. சோலேகா பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தாள். மரங்களுக்கு நடுவே அந்த ரோஸ் ஷூக்கள் சின்னதாகி, அவசரமில்லாமல், போய்க்கொண்டிருந்தன.