மச்சான் கொண்டுவந்த கார்டு

மேலப்பாளையத்தில் முகம்மது மைதீன் வீட்டு வாசலில் விடிந்தால் கோழி எலும்பு கிடந்தது. ஒருநாள் இருநாள் இல்லை, நோன்புப் பெருநாள் கழிந்ததிலிருந்து தினமும். பெருக்கிப் பெருக்கி இடுப்பு ஒடிந்தது என்னவோ மனைவி தஸ்மியாவுக்கு. கோபம் முழுக்க மைதீனுக்கு. பக்கத்து வீட்டு சபீதாதான் கொட்டுகிறாள் என்று தானாகவே முடிவுகட்டி, டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொல்லியும் விட்டார்.

சபீதா சும்மா விடுகிற ஆளா? வாசலுக்கே வந்தாள்.

"அதான் தலைக்கு மேல கேமரா மாட்டியிருக்கியளே அண்ணே. வெள்ளிக்கிழமை ஜும்மா முடியவும் எல்லாரும் வரட்டும், நான் கொட்டுதத காட்டுங்க. இல்லன்னா சொன்ன வாயாலயே டீக்கடையில போயி இல்லன்னு சொல்லணும்."

"காட்டுதேன்," என்றார் மைதீன் வீறாப்பாக.

காட்டத்தான் ஒன்றுமில்லை. கேமரா நடக்கிறதைச் செல்லில் காட்டும். நடந்து முடிந்ததைக் காட்ட உள்ளே மெமரி கார்டு வேலைசெய்ய வேண்டும். உள்ளே இருந்தது, தஸ்மியாவின் அண்ணன் ரசீத் சவூதியிலிருந்து லீவுக்கு வரும்போது கொண்டுவந்தது. ஐநூற்றுப் பன்னிரண்டு ஜிபி. "இங்கன இதெல்லாம் கிடைக்காது மச்சான்," என்று தன் கையாலேயே சொருகினார். நூற்று இருபத்தெட்டுக்கு மேல் ஏற்காது என்று கேமரா டப்பாவில் எறும்பு எழுத்தில் போட்டிருந்ததை மைதீன் பிறகுதான் பார்த்தார். கழற்றிப் போட்டார், துடைத்துப் போட்டார், பிஸ்மி சொல்லிப் போட்டார். கார்டே இல்லை என்று சாதித்தது செல்.

"அண்ணன்ட்ட சொல்லிராதிய," என்றாள் தஸ்மியா. "ஆசையா கொண்டாந்தாவ. மூஞ்சி சுண்டிரும்."

மாடியில் தங்கியிருந்த மச்சானோ சோற்றில் கைவைக்கும்போதெல்லாம் கேட்பார். "நம்ம கார்டு எப்படி ஓடுது?"

"ஓடுது மச்சான்."

திருட்டுத்தனமாகப் பழைய செல்லில் கிடந்த கார்டைப் போட்டுப் பார்த்தார். ஏற்றுக்கொண்டது. ஆனால் படம் விக்கி விக்கி ஓடியது. வெறும் வாசல் தெரிந்தது, அப்புறம் எலும்பு தெரிந்தது. நடுவில் வந்தது யார் என்பது மட்டும் இல்லை. கேமராவைப் பிடுங்கித் தரையில் அடிக்கலாம் போலிருந்தது.

வியாழக்கிழமை வண்ணார்பேட்டை கேமரா கடைக்குப் பஸ் ஏறினார்.

"செல்லுக்கு உள்ளது வேற அண்ணாச்சி," என்றான் கடைக்கார ஜெர்வின். "இது ராவும் பகலும் எழுதி எழுதி அழிக்கும்லா, கேமராவுக்குன்னு உள்ளதத்தான் போடணும். மாடல் என்ன?"

மாடல் தெரியாது. வீட்டுக்குப் போன் போட்டால் எடுத்தது மச்சான். "மாடல் எதுக்கு மச்சான்? நம்ம கார்டுதான் ஓடுதே." சும்மாதான் என்று வைத்துவிட்டு, வந்த பஸ்ஸில் திரும்பி, டப்பாவைக் காய்கறிப் பைக்குள் மறைத்து, மறுபடியும் வண்ணார்பேட்டை. புதுக் கார்டை அவர் மாட்டி இறங்கியபோது மச்சான் குளித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை செல்லைத் திறந்தார். படம் கண்ணாடி மாதிரி. விடியக்கருக்கலில் சுபுஹு தொழுதுவிட்டு வருகிறது ஒரு வெள்ளை ஜிப்பா. உள்ளே போய்த் தட்டோடு திரும்புகிறது. நாலு பூனை வாலைத் தூக்கிக்கொண்டு வருகின்றன. ரசீத் குந்தி உட்கார்ந்து, ராத்திரி மிஞ்சின கோழியை ஊட்டிவிடாத குறையாக வைக்கிறார். அவர் பத்துமணி வரைக்கும் தூங்க மாடி ஏறியதும் பூனைகள் எலும்பை வாசல் பூராவும் இழுத்துப் போடுகின்றன.

மச்சான் வந்ததும் எலும்பு வந்ததும் ஒரே வாரம் என்பதை அந்த வீட்டில் ஒருத்தரும் யோசிக்கவில்லை. தெருவில் யோசித்தவர்கள் உண்டு. சொன்னால் வேடிக்கை போய்விடுமே என்று இருந்துவிட்டார்கள்.

படத்தைக் காட்டினால் மச்சானின் மானம் போகும். கார்டு ஓடவில்லை என்று சொன்னால் மச்சான் கார்டின் மானம் போகும்.

ஜும்மா முடிந்து வாசலில் ஆள் கூடியது. சபீதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நின்றாள். அவளுக்கும் முன்னால் ரசீத்.

"போடுங்க மச்சான். ஈ பறந்தாலும் நம்ம கார்டுல இருக்கும்."

மைதீன் செல்லைச் சட்டைப்பைக்குள் போட்டார். "சபீதா, உம்பேர்ல தப்பில்ல. எங்க வீட்டு எலும்புதான். பூனைக்கு வச்சது. நான்தான் வச்சேன்."

"நீங்களா?" என்றாள் சபீதா. பூனையைக் கண்டால் அவர் செருப்பைத் தூக்குவது தெருவுக்கே தெரியும்.

ரசீத் முகம் மலர்ந்தது. "நீங்களும் வைக்கியளா மச்சான்? நான் தெனம் சுபுஹுக்குப் பொறவு வைக்கேன். சொல்லவே இல்லையே."

சபீதா ரசீத்தைப் பார்த்தாள், மைதீனைப் பார்த்தாள். சிரிப்பை முக்காட்டுக்குள் தள்ளினாள். "டீக்கடைக்கு எப்பம் போறிய அண்ணே?"

"இப்பமே." செருப்பைத் தேடினார் மைதீன்.

"பாத்தியளா, கார்டு நல்லதா இருந்தா உண்மை தானா வெளிய வந்திருது," என்றார் ரசீத் பின்னாலிருந்து. "அடுத்த லீவுக்கு இதவிட ரெண்டு மடங்கு பெருசா கொண்டாரேன்."

"சரி மச்சான்," என்றார் மைதீன்.