ஒரு சாண் மாப்பிள்ளை

கிடங்குத் தெருவில் சுவரில் வரைந்த பெண்பிள்ளைகளை மூன்று வருஷத்துக்குள் கட்டிக்கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் சுவர்க்காரர் ஆள் வைத்துச் சுண்ணாம்பு அடித்துவிடுவார். பழைய துறைமுகத்தை ஒட்டிய அந்தத் தெருவில் பஞ்சும் உப்பும் அடைத்துக்கிடந்த காலம் போய், படம் வரைகிறவர்களும் கடைக்காரர்களும் குடிவந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

அமலோற்பவம் செவ்வாய்தோறும் அந்தோணியார் கோயிலுக்குப் போய்விட்டு அந்தத் தெரு வழியாகத்தான் வீடு திரும்புவாள். வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது, சும்மா வேடிக்கைதான். ஒரு கிடங்கில் பழைய ஜன்னல்களை வெளியே தெரிகிற காட்சியோடு சேர்த்து விற்றார்கள். மலை தெரிகிற ஜன்னலுக்குக் கீழே எப்போதும் ஒரு வாளி இருக்கும், சாரல் அடிக்கும் என்பதற்காக. அதற்கடுத்த கிடங்கில் ரெக்சி என்கிற பெண் நிழல் தைத்துக் கொடுத்தாள். ஐந்தாம் நம்பர் கிடங்கின் பக்கச் சுவரில் அருளரசி நின்றாள்.

அருளரசி இருபத்திரண்டு அடி உயரம். பச்சைச் சேலை. இரண்டு கையும் பின்னந்தலையில் கொண்டை போட்டுக்கொண்டிருக்க, கொண்டை ஊசியைப் பல்லில் கடித்திருப்பாள். அதனால் அவளுக்கு “ம்” என்பதற்கு மேல் பேச்சு வராது. அந்த “ம்”மை வைத்தே சந்தோஷமா சடைப்பா என்று அமலோற்பவம் கண்டுபிடித்துவிடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சுவரடியில் ஏணியும் சுண்ணாம்புப் பீப்பாயும் வந்து இறங்கியிருந்தன. ‘சனி, காலை ஒன்பது மணி’ என்று பெண்ணின் கணுக்காலில் சாக்பீஸால் எழுதியிருந்தது. அமலோற்பவம் முந்தானையால் அதைத் துடைத்தாள்.

“உனக்குன்னு யாரும் இல்லையா மக்களே?”

“ம்.”

வரைந்தவர் எப்போதோ ஊரை விட்டுப் போய்விட்டார். தாய் தகப்பன் என்று யாரையும் பக்கத்தில் வரையவுமில்லை.

“சரி, நான் இருக்கேன்,” என்றாள் அமலோற்பவம். அவ்வளவுதான். அன்று மதியத்துக்குள் தெருவே அவளைப் பெண்ணின் தாயார் என்று பேச ஆரம்பித்துவிட்டது.

வீட்டில் அவள் கணவர் கித்தேரியான், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, “நாலாவதும் பொம்பளப் பிள்ளையா? சரி, சனிக்கிழமைக்குள்ள முடிக்கணும்னா இன்னைக்கே லாசரைப் போய்ப் பாரு,” என்றார்.

லாசர் அண்ணாச்சி எட்டாம் நம்பர் கிடங்கில் பழைய படங்கள் விற்கிறவர். அவரிடம் ஒரு பையன் இருந்தான், பெயர் மொராயிஸ். ஒரு முழச் சட்டத்துக்குள் ஒரு சாண் உயரத்தில், கப்பல் உடுப்பு போட்டுக் கையில் அன்னாசிப் பழத்தோடு நிற்பான். அவனுக்குப் பின்னால் ஒரு செம்மண் பாதை வளைந்து வளைந்து மலைக்கு ஏறும். மலை மேல் கடுகளவு ஒரு வீடு.

“வரைஞ்சு நாப்பது வருஷம்னு எழுதியிருக்கே அண்ணாச்சி?”

“அது படத்துக்கு, தங்கச்சி. பையனுக்கு இருபத்தெட்டுதான். நாப்பது வருஷமா இருபத்தெட்டு. இதவிட நிதானமான பையன் எங்க கெடைப்பான்?”

மறுநாள் பெண் பார்க்க வந்தார்கள். லாசர் அண்ணாச்சி மாப்பிள்ளையைச் செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அமலோற்பவம் கேசரி கிளறிக் கொண்டுபோயிருந்தாள். சட்டத்தைச் சுவரடியில் நிறுத்தினார்கள். மாப்பிள்ளை ரொம்ப நேரம் நேராகவே பார்த்தான். அவனுக்கு எதிரே பெண்ணின் கால் பெருவிரல் இருந்தது. சரியாக அவன் உயரம்.

“பிடிச்சிருக்கு,” என்றான்.

“எலே, அது விரலு,” என்றார் லாசர் அண்ணாச்சி.

முழுப் பெண்ணையும் காட்டவேண்டுமே என்று அவனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். ஒவ்வொரு பத்தடிக்கும் நிறுத்தி “இப்ப?” என்று கேட்டார்கள். முழங்கால் என்றான், இடுப்பு என்றான். நூற்றுப் பத்தாவது எட்டில், தெருமுனைப் பூட்டுக்கடை வாசலில் வைத்து, முழுசாகத் தெரிகிறது, எனக்குச் சரியான உயரம் என்றான்.

லாசர் அண்ணாச்சி தொடையைத் தட்டினார். “முடிஞ்சுது தங்கச்சி. பொண்ணு படத்துக்குள்ள வந்ததும் நேரே மலைக்குப் போயி அந்த வீட்டு வாசல்ல நிக்கட்டும். இவன் இங்கனயே நிக்கட்டும். பார்க்கிறவங்க கண்ணுக்கு ஜோடிப் பொருத்தம் அம்சமா இருக்கும்.”

அமலோற்பவம் கேசரித் தட்டைக் கீழே வைத்தாள். அவளுக்கு மஸ்கட்டில் ஒரு மகள், டொராண்டோவில் ஒரு மகள், புனேயில் ஒரு மகள். மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை போனில் கட்டைவிரல் அளவுக்கு வந்து போவார்கள்.

“எட்டத்துல நிக்கவா கட்டிக்கொடுக்கேன்?”

“இவன் அங்க போனா அவ பக்கத்துல எறும்பு மாதிரில்லா நிப்பான். சுண்ணாம்ப நெனைச்சுப் பாருங்க.”

அவள் நினைத்துப் பார்த்தாள். பீப்பாய் அங்கேதான் இருந்தது. சுவரடியில் உட்கார்ந்து ஒரு ஐம்பத்துமூணு மணி ஜெபமாலையும் சொல்லி முடித்தாள். லாசர் அண்ணாச்சியும் பொறுமையாக இருந்து மிச்சக் கேசரியைத் தின்று முடித்தார். பிறகு அவள் எழுந்து மாப்பிள்ளையின் முன்னால் குனிந்தாள்.

“தம்பி, பார்க்கிறவங்க பொருத்தத்தைப் பார்த்துட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிருவாங்க. நீங்க ரெண்டுபேருந்தான் அங்க கெடக்கணும். அவ கூடப் போயி நிப்பீகளா?”

மொராயிஸ் யோசித்தான். “கூட நின்னா எனக்கு விரல்தான் தெரியும்.”

“தெரியும்.”

“எனக்கு விரலே போதும் அத்தை,” என்றான். “ஆனா இந்த அன்னாசிப் பழம்?”

“எடுத்துட்டுப் போங்க. புதுக் குடித்தனத்துக்கு நாலு பொருள் வேணும்லா.”

மேலே அண்ணாந்து பார்த்தாள். அருளரசி “ம்” என்றாள். அமலோற்பவம் அதுவரை கேட்காத “ம்” அது.

“ஆளே இல்லாத படத்தை எவன் வாங்குவான்?” என்று லாசர் அண்ணாச்சி முணுமுணுத்தார். “பாதை நல்லா இருக்குல்லா அண்ணாச்சி,” என்று அவள் சமாதானம் சொன்னாள்.

மற்ற வேலைகள் மளமளவென்று நடந்தன. சுவரில் வெயில் வலது பக்கத்திலிருந்து விழும், படத்திலோ இடது பக்கம். அதனால் ரெக்சி வந்து பெண்ணின் நிழலைப் பிரித்து எதிர்ப்பக்கம் மாற்றித் தைத்துக் கொடுத்தாள். யாருக்காவது தடை உண்டா என்று மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை ஒரே பூசையில் வாசிக்க முடியுமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டார்கள். “பெயிண்ட் நல்லா காஞ்சிருக்கா?” என்று கேட்டார். காய்ந்துவிட்டது என்றதும் சரி என்றார்.

சனிக்கிழமை காலை சாமியாரே தெருவுக்கு வந்து கல்யாணத்தை மந்திரித்துவிட்டுப் போனார். மணி எட்டரை. சுண்ணாம்புக்காரர்கள் இரண்டு பேர் மட்டையை நனைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். சட்டத்தைச் சுவரில் சாய்த்ததும் அருளரசி முதலில் பெருவிரலை உள்ளே வைத்தாள். விரல் போன வழியில் மீதியும் போனது. படத்துக்குள் கொஞ்ச நேரம் பச்சைச் சேலையின் கரை மட்டும்தான் தெரிந்தது, வேறு எதற்கும் இடமில்லை. அவள் பாதையில் ஏற ஏற முழங்கால் தெரிந்தது, முதுகு தெரிந்தது, கொண்டை தெரிந்தது. மாப்பிள்ளை பழத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

“கொஞ்சம் பைய நட மக்களே, அவருக்குக் கால் எட்டாது,” என்று அமலோற்பவம் சட்டத்துக்குள் குரல் கொடுத்தாள்.

மலை வீட்டு வாசலில் ஒரு பச்சைப் புள்ளி நின்றது. பக்கத்தில் இன்னொன்று இருக்கவேண்டும். தெரியவில்லை. ஒன்பது மணிக்குச் சுவரில் சுண்ணாம்பு ஏறியது. அவள் நின்று முழுவதையும் பார்த்துவிட்டு, பணியாட்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறு வருஷம் பங்குனியில் லாசர் அண்ணாச்சி வீடு தேடி வந்தார். படத்தை மேசை மேல் வைத்துத் துண்டால் துடைத்தார்.

“ரெண்டு நாளா பாதையில எறங்கிக்கிட்டு இருக்காங்க, தங்கச்சி. பொண்ணு மூச்சு வாங்கி வாங்கி நிக்கா. ஏழாம் மாசம்னு நெனைக்கேன்.”

“தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான,” என்றாள் அமலோற்பவம். மஸ்கட்டும் டொராண்டோவும் புனேயும் அங்கங்கேயே பெற்றுக்கொண்டார்கள். இவள் நடந்தே வருகிறாள்.

கித்தேரியான் கூடத்தை அண்ணாந்து பார்த்தார். ஒன்பதடி. எழுந்து போய் ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, மேலே ஏறி, கூரையிலிருந்து முதல் ஓட்டை உருவிக் கீழே நீட்டினார். அமலோற்பவம் வாங்கித் தூசி தட்டிச் சுவரோரம் அடுக்கினாள்.

“தொட்டில் என்ன அளவுக்குக் கட்ட?” என்றார் மேலேயிருந்து. “பிள்ளை தாயைக் கொண்டு பொறக்குமோ, தகப்பனைக் கொண்டு பொறக்குமோ.”

“ரெண்டும் இருக்கட்டும்ங்க,” என்றாள். கிடங்குத் தெருவில் பாய்மரச் சீலை எட்டு முழம் வாங்கிவரச் சொல்லி லாசர் அண்ணாச்சியை அனுப்பினாள். அடுப்படிக்குப் போய், ஒரு தீப்பெட்டியிலிருந்து குச்சிகளைக் கொட்டிவிட்டு, உள்ளே பஞ்சு வைக்க ஆரம்பித்தாள்.