எம்பி இறங்கும் இடம்

ஆஸ்பத்திரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு மற்ற அணிகள் வைத்த பெயர் 'கட்டுப்போடும் கம்பெனி'. கட்டுப் போட வைப்பதும் அவர்களே, போட்டுவிடுவதும் அவர்களே என்று கேலி.

ஒரு காலத்தில் அவர்களும் ஓடி ஆடியவர்கள்தான். இரண்டே வருடத்தில் நாலு பேருக்கு முட்டி போயிற்று. ஓட முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? அடுத்தவர்களையும் ஓட விடாமல் செய்தார்கள். கேப்டனான தலைமை நர்ஸ்தான் வித்தையைச் சொல்லிக் கொடுத்தாள். எதிராளி கூடையைப் பார்த்து எம்பும்போது, அவள் இறங்கப்போகும் இடத்துக்கு உன் பாதத்தை அரையடி நகர்த்து. அவள் விழ வேண்டாம், பயந்தால் போதும். நடுவர் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதில் கைதேர்ந்தவள் 'பிசின்'. ஆளோடு ஒட்டிக்கொண்டு நிற்பதால் வந்த பட்டப்பெயர். வேலை என்ன தெரியுமா? அதே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட்! நடக்க முடியாதவர்களை நடக்க வைத்துச் சம்பளம் வாங்குகிறவள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

அரையிறுதியில் அச்சகத்து அணிப் பெண் ஒருத்தி எம்பினாள். பிசினின் பாதம் போக வேண்டிய இடத்துக்குப் போனது. அந்தப் பெண்ணின் கணுக்கால் மடங்கித் தசைநார் கிழிந்தது. நடுவர் விசில் ஊதவில்லை. ஆஸ்பத்திரி அணி மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது.

மூன்று வாரம் கழித்து அதே பெண் ஊன்றுகோலோடு பிசினின் அறைக்குள் வந்தபோது, பிசின் படிவத்தை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டாள். படிவத்தில் 'காயம் ஏற்பட்ட விதம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'தவறாகத் தரையிறங்கியதால்' என்று எழுதினாள்.

"கரெக்ட் அக்கா" என்றாள் அந்தப் பெண், எட்டிப் பார்த்து. "எனக்கு இறங்கத் தெரியல. எங்க கோச் மாஸ்டர் என்னடான்னா நீங்க வேணும்னே காலை விட்டீங்கன்னு சொல்றார். கூடைப்பந்து சங்கத்துல புகார் குடுக்கணுமாம், என்னைக் கையெழுத்துப் போடச் சொல்றார். நான் மாட்டேன்னுட்டேன். ஆஸ்பத்திரிக்காரங்க போய் அப்படிச் செய்வாங்களாக்கா?"

பிசின் குனிந்து கட்டைப் பிரித்துக்கொண்டே, "மெதுவா காலை நீட்டும்மா" என்றாள்.

வாரம் மூன்று நாள் வந்தாள். வரும்போதெல்லாம் ஒரு செய்தி. டீமில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. 'அடிச்சவளுக்கே வக்காலத்து வாங்குறியா' என்று மாஸ்டர் கத்துகிறார். "போகட்டும்கா, நீங்க எப்படிப் பார்த்துக்கறீங்கன்னு எனக்குத்தானே தெரியும்." கேட்கக் கேட்கப் பிசின் கூனிக் குறுகிப் போனாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தபடிதான் ஒவ்வொரு நாளும் வேலைக்குக் கிளம்பினாள். ஒருநாள் 'சொல்லிவிடட்டுமா' என்று தலைமை நர்ஸிடம் வாய்விட்டே கேட்டாள். "நீ வாயைத் திறந்தா டீமையே தூக்கிடுவாங்க. ஒன்பது பேர் தலையில மண்ணைப் போடாதே" என்று பதில் வந்தது. பிசினும் வாயை மூடிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், அப்படி ஒரு சாக்குக் கிடைத்ததே என்று அவளுக்கு உள்ளூர நிம்மதிதான்.

இரண்டு மாதத்தில் கால் தேறியது. குதிக்கும் பயிற்சி தொடங்கியது. "இறங்குற இடத்தைப் பார்த்து இறங்கு" என்று பிசின் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தாள்.

கடைசி நாள் அந்தப் பெண் ஒரு பந்தோடு வந்தாள். "அக்கா, அன்னிக்கு மாதிரியே எனக்கு முன்னாடி கையைத் தூக்கிட்டு நில்லுங்க. இந்தப் பயம் விட்டுப் போகணும்."

பிசின் நின்றாள். அந்தப் பெண் பந்தை இரண்டு தரம் தட்டி, எம்பினாள். பிசினின் வலது பாதம் அரையடி முன்னால் போனது. சத்தியமாக அவள் நினைத்துச் செய்யவில்லை. ஐந்து வருடப் பழக்கம், தானாகப் போனது.

அந்தப் பெண் கீழே பார்த்துக்கொண்டுதான் இறங்கினாள். பார்த்ததும் கால்களை அகட்டி, அந்தப் பாதத்தைத் தாண்டி, தரையில் விரித்திருந்த மெத்தையில் ஊன்றிச் சமாளித்துக்கொண்டாள். பந்து உருண்டு சுவரோரம் போய் நின்றது.

அவள் அந்தப் பாதத்தையே பார்த்தாள்.

"இப்ப வேணும்னு வைக்கலம்மா" என்றாள் பிசின்.

"அப்போ அன்னிக்கு?"

பிசின் பாதத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "அன்னிக்கு வேணும்னுதான்."

அந்தப் பெண் சுவரோரம் போய்ப் பந்தை எடுத்துக்கொண்டாள். பைக்குள் வைத்தாள். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டாள்.

"உங்க மாஸ்டர்கிட்ட நானே வந்து சொல்றேன். புகாருக்கு நானே சாட்சி..."

"அவருக்குத்தான் தெரியுமே" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. "உங்க டீமைப் பத்தி எல்லாருக்கும் தெரியும். தெரியாதவ நான் ஒருத்திதான். எனக்காகச் சொல்லணும்னா, அன்னிக்கு அந்தக் கட்டத்துலயே எழுதியிருக்கலாமே."

பிசின் குனிந்து மெத்தையைச் சுருட்டத் தொடங்கினாள்.

அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டினாள். வாசல்வரை போனவள், இரண்டு மாதமாக வாய் நிறைய அக்கா, அக்கா என்று கூப்பிட்டவள், திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"கால் இப்ப நல்லா இருக்கு. தேங்க்ஸ் மேடம்."